அதிகம் குணமானவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் நலத்துக்குப் பள்ளிக்கூடமே சாட்சி. அங்கே உன் நலத்துக்கு யார் சாட்சி என்று தெரியவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது, அப்பா துவைத்ததில் என் வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாகிவிட்டது, மற்றபடி வீட்டில் சேதம் இல்லை.

பள்ளியில் எங்கள் வயதுப் பிள்ளைகளின் நலத்துக்கென்று ஒரு திட்டம் நடக்கிறது. விளையாட்டு வகுப்பை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் எங்களை உட்காரவைத்து ஓடியாடுவது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று பாடம் நடத்துகிறார்கள். மூச்சை இழுத்துவிட வேண்டும், ஆனால் சத்தம் வரக்கூடாது, பக்கத்து அறையில் பரீட்சை. ஆரம்பத்தில் ஒரு கேள்வித்தாள் கொடுத்து, பேர் வேண்டாம், உண்மையை எழுதினால் போதும் என்றார்கள். நானும் நம்பி, அம்மா வெளியூர் போனதிலிருந்து தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று எழுதினேன். பேர்தான் இல்லை, வரிசை எண் இருந்தது. இருந்தும் யாரும் கூப்பிட்டு ஏன் என்று கேட்கவில்லை. போன வாரம் அதே கேள்விகளை மறுபடி கொடுத்தார்கள். நலவகுப்பு டீச்சர் என் மேசையருகே வந்து நின்று, இன்னுமா தூக்கம் வரல, நல்லா யோசிச்சுப் பாரும்மா என்றார். யோசித்தேன். நன்றாகத் தூங்குவதாகத் தெரிந்தது.

அதில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு தாளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பள்ளியிலேயே அதிகம் குணமானவள் நான்தானாம். திட்டம் பலித்ததா என்று பார்க்க நாளை வெளியிலிருந்து ஒரு மேடம் வருகிறார், என்னிடம் தனியாகப் பேசுவாராம். தலைமையாசிரியை என்னைச் சிரித்துக் காட்டச் சொல்லி, இவ்வளவு பல்லு வேணாம், இயல்பா இரு என்றார். ஒத்திகை முடிந்ததும் வாந்தியெடுத்தேன், வெயிலில் நின்றிருப்பாள் என்றார்கள். டீச்சர் மட்டும் முகம் கழுவத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, நாளைக்கு எதையாவது உளறி வைக்காதடா, எனக்கே இது நிரந்தர வேலை இல்ல என்றார். அவர் கெட்டவர் இல்லை அம்மா, அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஆனாலும் தூக்கமில்லை என்றே சொல்லப்போகிறேன். டீச்சரைப் பற்றிக் கேட்டால் தண்ணீர் ஊற்றியதைச் சொல்வேன். திட்டத்தில் எனக்கு நிஜமாகவே உதவியது அது ஒன்றுதான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, நீ வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டுக் குழந்தை தூங்கும்போது நீயும் கொஞ்சம் படு. நல்லா இரு என்று எனக்கு எழுதுவாயே, அதையே உனக்கும் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. ஒவ்வொரு கடிதத்திலும் நலமாக இருக்கிறேன் என்றே எழுதுகிறாய். உன் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை என்றால், இந்தத் தடவை உண்மையை எழுது.

இப்படிக்கு,
இன்னும் குணமாகாத உன் மகள்