அஞ்சலையோட சர்ட்டிபிகேட்டு

ஐப்பசி 12. லாபிஸ் எஸ்டேட், மலாயா.

இன்னைக்கு என் வாய் ஒரு பொண்ணோட வேலையக் கெடுத்துடுச்சு.

கப்பல்ல புதுசா வந்தவங்கள ஆபீஸ் முன்னால வரிசையா நிக்க வச்சாங்க. துரைக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. நடுவுல நான்தான் மலாய்ல சொல்லணும். அஞ்சலைன்னு ஒரு பொண்ணு, தஞ்சாவூர் பக்கம் ஆஸ்பத்திரியில மருத்துவச்சியா இருந்தவ. தனியா அறுபது பிரசவம் பாத்தான்னு அங்க தமிழ்ல எழுதிக் குடுத்த சர்ட்டிபிகேட்ட நீட்டுனா. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அத அப்படியே சொல்லியிருக்கலாம்.

"துவான் வெளிய இழுத்த மீனவிட இவ வெளிய இழுத்த பிள்ளைங்க அதிகம்"னு துரைகிட்ட சொன்னேன். துவான்னா மலாய்ல துரை.

ஞாயித்துக்கிழமை பூரா தூண்டிலோட உக்காந்துட்டு வெறுங்கையா வர்ற மனுசன், விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான் கேலி பண்றேன்னு நெனச்சிக்கிட்டு அவ பேருக்கு நேரா புல்லு வெட்டுன்னு எழுதிட்டாரு. அடுத்த ஆளக் கூப்பிட்டாச்சு.

வெளிய வந்து அஞ்சலை கேட்டா, "பெரியவரே, என் சர்ட்டிபிகேட்டுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா. நான் சேத்ததுதான்."

"அப்ப நாளைக்குச் சேக்காம சொல்லுங்க."

சொல்றேன்னுட்டு வந்துட்டேன். மருத்துவச்சிக்கு மலாய்ல பீடான், ஒரே வார்த்தைதான். ஆனா இத்தன வருசமா என் மூஞ்சியப் பாத்தாலே துரைக்குச் சிரிப்பு வந்துடும். நாளைக்கு அவரு சிரிக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்த ஒத்த வார்த்தையச் சொல்லி முடிச்சிடணும்.