என் பெயரில் உன் நெஞ்சு

மடவளை,
14 ஜனவரி 2025

அன்பின் தம்பி ஃபாஸிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் விருப்பம். சுகம்தான், ஒரு விஷயத்தைத் தவிர.

எங்கள் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். உன் கூடப்பிறந்த லாத்தா றிப்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வெளியில் நின்று எடுத்தாலும் அங்கே உன் பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். அதனால்தான் கடிதம். லீவு முடிந்து தோஹா திரும்பும் மக்கீன் ஹாஜியாரின் மகன் இப்ஹாமிடம் தருகிறேன். வாசித்ததும் கிழித்துவிடு.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து, சாரதிமாரின் நெஞ்சில் சிறிய மெஷின் ஒட்டியது ஞாபகம் இருக்கும். இரண்டு வாரம் ஒட்டியபடியே இருக்க வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டதால் நானும் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பஸ்ஸைப் பறித்துவிடுவார்களோ என்று பயம் பிடித்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தலை சுற்றியது உனக்கு மட்டும்தான் தெரியும். நீதான் சட்டையைக் கழற்றினாய். "தாங்க மச்சான். இந்த நெஞ்சப் பாத்தா ஒங்கள ஒலிம்பிக்குக்கு அனுப்புவாங்க" என்றாய். என் மெஷினைக் கழற்றி உன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, அதோடேயே வெளிநாட்டுப் பயணத்துக்குச் சாமான் வாங்கித் திரிந்தாய்.

போன கிழமை பேராதனை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். டொக்டர் சஞ்சீவனி இளம் பிள்ளை, பொறுமையாகப் பேசுகிறவர். "ஐயா, இதயத்தோட மேல் அறைகள் சில நேரம் ஒழுங்கா அடிக்காம நடுங்குது. உங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. சாதாரண ஈசிஜி எடுத்தா அந்த நேரத்துல மாட்டாது, அதனாலதான் நாள்கணக்கா ஒட்டிப் பாக்குறோம். அப்படி நடுங்குறப்ப ரத்தம் தேங்கி உறைஞ்சு, மூளைக்குப் போனா பாரிசவாதம், ஒரு பக்கம் விழுந்துடும்" என்றார்.

தாளில் என் பெயர், என் ஐம்பத்தொன்பது வயது, என் பிரஷர், என் சீனி வருத்தம் எல்லாம் இருந்தன. நெஞ்சு மட்டும் உன்னுடையது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தந்தார். மற்றப் பரிசோதனைகள் முடியும்வரை பஸ் ஓட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். என் கதையை விடு. நீ கிரேனில் ஏறி வேலை செய்கிறவன். உடனே அங்கே ஒரு டொக்டரிடம் போய்க் காட்டு.

உன் மச்சான்,
ஷிஹாப்


தோஹா,
2 பெப்ரவரி 2025

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இப்ஹாம் கடிதத்தைத் தரும்போது "என்ன, மச்சானும் மச்சானும் லவ் லெட்டரா?" என்று கேட்டு முழுக் கேம்புக்கும் கேட்கச் சிரித்தான். அதனால் பாத்ரூமில் வைத்துத்தான் வாசித்தேன்.

முதலில் நம்பவில்லை. இங்கே வருவதற்கு முன் மெடிக்கல் பாஸாகித்தானே வந்தேன்? ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வேளை படுத்திருக்கும்போது நெஞ்சுக்குள் கோழி செட்டையடிப்பதுபோல இருக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தேத்தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

டொக்டரிடம் போகச் சொல்கிறீர்கள். கம்பெனி கிளினிக்கில் இருமலுக்குப் போனாலும் அது போர்மனின் காதுக்குப் போகும். கிரேன் ஓட்டுகிறவனுக்கு இதயத்தில் கோளாறு என்றால் அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார்கள். என் கடையை மூடிய பிறகு நான் எத்தனை இடத்தில் வேலை கேட்டு அலைந்தேன் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? நதாவும் என் பிள்ளைகளும் இன்னும் அவளுடைய உம்மா வீட்டில்தான். இந்த வேலை போனால் எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பேன்?

மச்சான், ஒரு யோசனை. அவர்கள் தந்த மாத்திரை எனக்குரியதுதானே? உங்களுக்கு அது தேவையில்லை. கிளினிக்குக்கு நீங்கள் போங்கள், மாத்திரையை எனக்கு அனுப்புங்கள். ஊருக்கு வந்ததும் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். லாத்தாவுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்குத் தெரிந்தால் நதாவுக்கும் தெரியும்.

உங்கள் தம்பி,
ஃபாஸில்


மடவளை,
23 பெப்ரவரி 2025

அன்பின் ஃபாஸிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாத்திரை அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தவறவிடாதே. பெட்டியிலிருந்த என் பெயரைச் சுரண்டிவிட்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பஸ் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் கதை அங்கேயும் எட்டி உனக்கு வேலை போகும். சொல்லாமல் இருந்தால் உனக்கு மருந்தாவது கிடைக்கும். நான் ஓட்டிய பஸ்ஸை இப்போது வத்தேகமப் பக்கத்துப் பையன் ஒருவன் ஓட்டுகிறான். கியர் மாற்றும் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் லாத்தாவைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. கறிக்கு உப்புப் போடுவதில்லை. மாட்டிறைச்சி வீட்டுக்குள் வருவதே இல்லை. நான் படியில் ஏறினால் பின்னால் வந்து பிடிக்கிறாள். நேற்று, "மாத்திர குடிச்சீங்களா? என்ட மொகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவளிடம் சின்னப் பொய்கள் சொல்லியிருக்கிறேன். நடுச்சாமத்தில் தஹஜ்ஜுத் தொழ எழும்பி அழுதுகொண்டு துஆ கேட்கிறவளிடம் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை.

கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். ஒழுங்காக இருந்தது. டொக்டருக்குச் சந்தோஷம். "இது வந்து வந்து போற வகை ஐயா, இன்னைக்கு நல்லா இருக்குன்னு மருந்த விட்றாதீங்க" என்றார். தலையாட்டினேன். வெளியே வந்து பேராதனைச் சந்தியில் நின்றேன். மூன்று பஸ் வந்து போயின. ஏற மனம் வரவில்லை.

நெஞ்சு எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

ஷிஹாப் மச்சான்


தோஹா,
20 ஏப்ரல் 2025

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி போனது. கேம்பில் பிரியாணி போட்டார்கள். லாத்தாவின் வட்டிலப்பத்தை நினைத்துக்கொண்டே படுத்தேன். நோன்பு காலத்தில் மாத்திரையை ஸஹருக்கு ஒன்று, நோன்பு திறந்து ஒன்று என்று எடுத்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

நெஞ்சுக்குள் கோழி இன்னும் இருக்கிறது. ஆனாலும் மருந்து உள்ளே போகிறதே என்று பயம் குறைந்திருக்கிறது.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். மிஸ்வாக் குச்சியால் பல் தேய்த்தால் முரசிலிருந்து ரத்தம் வருகிறது, நெடுநேரம் நிற்பதில்லை. கிரேன் ஏணியில் தொடை இடிபட்டது, உள்ளங்கை அளவுக்குக் கருநீலமாகிவிட்டது. முதுகு வலிக்கு இங்கே எல்லாரும் போடும் மாத்திரையைத்தான் நானும் போடுகிறேன், நாளைக்கு மூன்று, சில நாள் நான்கு. அது இல்லாமல் கேபினில் உட்கார ஏலாது. வயிறு கொஞ்சம் எரிகிறது. இரண்டு நாளாக வெளிக்குப் போவது தார்போலக் கறுப்பாக இருக்கிறது. கேம்புச் சாப்பாடு அப்படித்தான்.

அடுத்த மாத்திரைப் பெட்டியைச் சுணங்காமல் அனுப்புங்கள். இன்னும் ஒரு கிழமைக்குத்தான் இருக்கிறது.

ஃபாஸில்


மடவளை,
6 மே 2025

அன்பின் ஃபாஸிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதில் மாத்திரை இல்லை.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் பேராதனைக்குப் போனேன். "இந்த மாத்திரையோட முதுகு வலி மாத்திரையும் போட்டா என்ன ஆகும்?" என்று டொக்டர் சஞ்சீவனியிடம் கேட்டேன். எந்த மாத்திரை என்றார், இப்ஹாமிடம் கேட்டுவைத்திருந்த பெயரைச் சொன்னேன். "கறுப்பா போகுதா?" என்று கேட்டார். ஆம் என்றேன். எழுந்து வந்து என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், முரசைப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, "ஐயா, இது உங்க கதை இல்ல. யாரோடது?" என்றார்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. என் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நடுங்குற எல்லா நெஞ்சுக்கும் இந்த மாத்திர குடுக்கிறதில்ல. வயசு, பிரஷர், சீனி எல்லாம் கூட்டிப் பாத்துத்தான் முடிவு பண்ணுவோம். நான் அவரோட துடிப்பையும் உங்க வயசையும் சேத்து, இல்லாத ஒரு ஆளுக்கு மருந்து எழுதியிருக்கேன்." முப்பத்தெட்டு வயதில் பிரஷரும் சீனியும் இல்லாதவனுக்கு அது தேவைப்படாமலே இருக்கலாமாம். அல்லது வேறு மருந்து வேண்டியிருக்கலாமாம். இதயத்தை ஸ்கேன் செய்து, வால்வையும் தைரொய்டையும் பார்க்காமல் யாருக்கும் சொல்ல முடியாதாம். கறுப்பாகப் போவது வயிற்றுக்குள் ரத்தம் போகிறது என்பதற்கு அடையாளமாம்.

நான் உனக்கு அனுப்பியது மருந்து என்று நினைத்தேன் ஃபாஸில்.

அங்கிருந்தே உனக்குப் போன் எடுத்தேன். முதுகு மாத்திரையை நிறுத்திவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். "மச்சான், சத்தம் போடாதீங்க, பக்கத்துல ஆள் இரிக்கி" என்று வெட்டிவிட்டாய். பிறகு பத்துத் தரம் எடுத்தேன், நீ தூக்கவில்லை. வெள்ளிக்கிழமைவரை பார்த்தேன். நீ இன்னும் கிரேனில்தான் ஏறுகிறாய் என்று இப்ஹாம் சொன்னான்.

அதன் பிறகு நான் செய்ததை வேறு யாரும் சொல்லி நீ அறியக் கூடாது. உன்னைச் சோதிக்கப்போகும் டொக்டருக்கென்று டொக்டர் சஞ்சீவனி இங்கிலிஷில் ஒரு கடிதம் தந்தார். அதைப் படம் எடுத்து இப்ஹாமுக்கு அனுப்பி, உன் போர்மனிடம் காட்டச் சொன்னேன். டொக்டர் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அது என் முடிவு. மயங்கினால் நீ மட்டும் விழ மாட்டாய், கீழே ஆட்கள் நிற்கிறார்கள். நாளெல்லாம் பின்னால் நாற்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டு ஓட்டியவன் நான். தலை சுற்றியதை மறைத்து ஓட்டியவனும் நான்தான்.

உன் லாத்தாவுக்குச் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை நின்றாள். "நாலு மாசம் உப்பில்லாம ஆக்கிப் போட்டேனே, அப்பவாவது வாய் தொறந்தீங்களா? என்ட தம்பி அங்க ரத்தமாப் போய்க்கிட்டு இரிக்கான்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நதாவின் வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை.

டொக்டர் என் நெஞ்சிலும் ஒரு மெஷினை ஒட்டியிருக்கிறார். என் இதயத்தை இதுவரை யாருமே முழுதாகப் பார்க்கவில்லை என்றார். அதுவும் உண்மைதான்.

கோபம் என்றால் கோபப்படு. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுக் கோபப்படு.

ஷிஹாப் மச்சான்


தோஹா,
11 ஜூன் 2025

ஜனாப் ஷிஹாப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மே 7ஆம் திகதி போர்மன் என்னைக் கேபினிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எல்லாருக்கும் முன்னால் இறக்கினார். வயிற்றில் புண்ணாகி ரத்தம் போயிருந்தது. மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் கஷ்டம் என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார். அதை நீங்கள் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். ஒரு வால்வு மிகவும் சுருங்கியிருக்கிறதாம். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் இருக்கலாமாம். நீங்கள் அனுப்பியது இந்த வகைக்குக் கொடுக்கும் மாத்திரை அல்லவாம். இதற்கு வேறு மாத்திரை, மாதாமாதம் ரத்தம் சோதித்து எடுக்க வேண்டியது. உங்கள் மாத்திரையைக் கேட்டது நான்தான். அந்தக் குற்றத்தை உங்கள் மேல் போடவில்லை.

ஆனால் என் வேலையை நானே விட்டிருப்பேன். என் வாயால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்று நீங்கள் நினைப்பீர்கள். அதைப் பார்க்கும் சந்தர்ப்பத்தை எனக்குத் தரவில்லை. என் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி இப்ஹாமின் வீட்டிலிருந்து போயிருக்கிறது.

கம்பெனி 19ஆம் திகதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறது. விமான நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டாம். நதாவின் தம்பி வேன் கொண்டு வருகிறார். நேராகக் கட்டுகஸ்தோட்டைக்கு, நதாவின் உம்மா வீட்டுக்குப் போவேன்.

டொக்டர் சஞ்சீவனியின் கிளினிக் எந்தெந்த நாள் என்பதை லாத்தாவிடம் சொல்லிவிடுங்கள். லாத்தா நதாவிடம் சொல்லட்டும். எனக்கு எழுத வேண்டாம். அங்கே என் பெயரில் பதிந்துகொள்வேன். உங்களுக்கும் அங்கே போக வேண்டியிருந்தால், தயவுசெய்து வேறு நாளில் போங்கள்.

இப்படிக்கு,
எம். எஸ். எம். ஃபாஸில்