பூபதி கேட்ட சான்றிதழ்

மல்லசமுத்திரம்
3.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பூபதி எழுதுவது. நீ போனை எடுக்காததால் கடுதாசி. நீயும் மாமாவும் சுகமா? இங்கே போர்வெல் போடும் ரிக் வண்டி ரெண்டும் சும்மா நிற்கிறது.

மஞ்சுளா தாடை உடைந்து சேலம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எதிர்த்துப் பேசினாள், ஸ்பானரால் அடித்தேன். ஒரே அடி. அதற்குப் போய் என் மாமனார் போலீசுக்குப் போய்விட்டார். முன்ஜாமீனில் இருக்கிறேன்.

நீ மருத்துவ உளவியலாளர். ஊரார் மனசையெல்லாம் சோதித்து எழுதித் தருகிறாய். இவளுக்குப் புத்தி பிசகு, தானே சுவரில் மோதிக்கொண்டாள் என்று ஒரு சான்றிதழ் கொடு. நீ படிக்கட்டும் என்றுதானே நான் பன்னிரண்டாவதோடு வண்டி ஏறினேன்? கல்யாணத்தில் கூடப் பிறந்தவளாக இணைச்சீர் சடங்குக்கு என் பக்கத்தில் நின்றவள் நீ. இப்போதும் நில்.

உன் தம்பி
பூபதி

சேலம்
7.6.2024

அன்புத் தம்பி பூபதிக்கு,

சொந்தக்காரர்களை நான் சோதிக்கக் கூடாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நாத்தனாராகப் போய் மஞ்சுளாவைப் பார்த்தேன். பல்லைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: 'உங்களுக்கு முன்னாலயே தெரியுமாங்க?'

தெரியும். படிக்கும்போது பயிற்சிக்கு உன்னைத்தானே உட்கார வைத்தேன்! மனசைச் சோதிக்கும் அந்த மைக்கறை அட்டைகளைப் பார்த்து, "நசுங்குனது, கிழிஞ்சது, ரத்தம்" என்று சிரித்தாய். அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கிளீனரின் விரலை லாரிக் கதவில் வைத்துச் சாத்தியதையும் அன்றைக்குப் பெருமையாகச் சொன்னாய். நான் நோட்டில் 'இயல்பு' என்று எழுதினேன். தம்பியாயிற்றே!

பெண் பார்க்கப் புதுச்சத்திரம் போனபோது மஞ்சுளாவின் அப்பா நாச்சிமுத்து என்னைத் தனியே கூப்பிட்டார். "மனசப் படிச்சவ நீ. பையன் எப்படி, சொல்லு சாமி" என்றார். "தங்கமானவனுங்க" என்றேன். அந்த மனுஷன் வேறு யாரையும் விசாரிக்கவே இல்லை.

சான்றிதழ் தரமாட்டேன். செய்ததை ஒப்புக்கொள், கண்ணு. என் தோழி சாரதாமணி இந்தக் கோபத்துக்குச் சிகிச்சை தருகிறாள். நானும் கூட வாரேன்.

அன்புடன்
அக்கா

மல்லசமுத்திரம்
10.6.2024

அறிவுச்செல்விக்கு,

எனக்கே பைத்தியக்காரப் பட்டமா? வியாழக்கிழமை உன் கிளினிக்குக்கு வருகிறேன். சான்றிதழில் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதுகிற கை இருக்காது.

பூபதி

சேலம்
19.6.2024

பூபதிக்கு,

இடது கையால் எழுதுகிறேன், கோணலாகத்தான் இருக்கும். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு போய்விட்டது. கண்ணாடியை உடைத்தாய், மேசையைக் கவிழ்த்தாய். என் கையைத் தரையில் அழுத்தி, ஒவ்வோர் அடிக்கும் "எழுதறயா?" என்று கேட்டாய். அடிபட்டு வருகிறவர்களிடம் 'அப்போது என்ன தோன்றியது?' என்று பதினைந்து வருஷமாகக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் தோன்றாதடா. வலிக்கும், அவ்வளவுதான்.

உன்னைக் கைது செய்த இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்தார். உளவியலாளராக உன்னைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. சாட்சியாகச் சொல்ல இருக்கிறது. அந்த நோட்டு, கிளீனர் விரல், நாச்சிமுத்துவிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். உன் முதல் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன்.

மஞ்சுளா இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் நானும் கிடக்கிறேன். நாச்சிமுத்து நேற்று மகளுக்குக் கஞ்சி கொண்டுவந்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

இனி சிறைக்கு நான் எழுதமாட்டேன். உனக்கு ஜாமீன் தரக் கூடாது என்று நானே மனு கொடுத்திருக்கிறேன். உன்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, பூபதி. நீ உள்ளே இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உன் அக்கா
அறிவுச்செல்வி