கதவுக்குள் கடல் மணல்

சாரம், புதுச்சேரி
20-9-1959

கடல் கடந்து அல்ஜீரியாவில் பட்டாளத்தில் இருக்கும் என் அன்பு அத்தானுக்கு, தனக்கொடி வணங்கி எழுதிக்கொள்வது. நானும் தம்பி சுப்பிரமணியனும் சுகம். உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. பதில் தாமதித்ததற்குக் கோபப்படாதீர்கள். முடிவு தெரியாமல் எழுதக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. நாம் ஜெயித்துவிட்டோம்.

வாடகைக்கு ஓட்ட ஒரு கார் வாங்கிவிட்டோம் என்று ஆடி மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் அனுப்பிய பணத்தோடு என் காசுமாலையும் சேர்ந்து, தரகர் நாராயணசாமியிடம் போனது. முகம் பார்க்கலாம் போல மின்னிய கறுப்பு கார். ஒரு பிரெஞ்சுத் துரை ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போக மட்டும் வைத்திருந்தது என்றார். கடற்கரைச் சாலையில் ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. தம்பி இத்தனை வருடம் டிரைவராக இருந்தவன், அவனுக்கே பிடித்துப்போயிற்று. நாங்கள் போய் நிற்கும்போதே இன்ஜின் சூடாக இருந்தது. எங்களுக்காக முன்பே தட்டிக் கொட்டிக் கிளப்பி வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

முதல் சவாரியே வீராம்பட்டினம் திருவிழாவுக்கு. எதிர்வீட்டு சந்திரகலா குடும்பத்தோடு அம்மனைப் பார்க்க நானும் போனேன். ஊருக்குள் நுழையும்போது வண்டி இருமியது, புகைந்தது, நின்றது. தள்ளிவிட மீனவர்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் அம்மாவாசை என்ற பெரியவர் வண்டியின் பின்பக்கம் கை வைத்தவர், குனிந்து அடியில் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் கஷ்டம் உங்களுக்குச் சிரிப்பா என்று கேட்டுவிட்டேன்.

"கோச்சிக்காதம்மா. இந்த வண்டிய கடலுக்குள்ளேர்ந்து இழுத்துப் போட்டதே நாங்கதான்" என்றார் அவர்.

துரையின் டிரைவர் முகத்துவாரத்து மணலில் வண்டியை இறக்க, கடல் ஏறும் நேரத்தில் தண்ணீர் வந்து கூரைவரை மூடிவிட்டதாம். துரை அப்படியே கைகழுவிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். அதை இரும்பு விலைக்கு எடுத்தவர் நம் நாராயணசாமி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே தண்ணீரில் நின்று கயிறு கட்டச் சொன்னாராம். "அப்ப சாம்பக் கலரு. கதவுல கீறல் வுழுந்துடுச்சின்னு எங்கள பேசாத பேச்சு பேசிட்டாரு. அந்த மூஞ்சிய மறக்க முடியுமா?" என்றார் அம்மாவாசை. அன்று அம்மனிடம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் தரகர் கொட்டகைக்குப் போனோம். உட்காரச் சொல்லவில்லை. பத்திரத்தை நீட்டினார். "பாத்துத்தான வாங்கினீங்க? இருக்கிற நிலையில வாங்கிக்கிட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் என்னா பேச்சு?" என்றார். தம்பியைப் பார்த்து, பெண்பிள்ளையை அழைத்துக்கொண்டு வியாபாரம் பேச வந்துவிட்டான் என்று சிரித்தார். தம்பி தலைகுனிந்துவிட்டான். எனக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை.

நேரே கஸ்தோன் ஐயா வீட்டுக்குப் போனேன். கோர்ட்டில் வேலை பார்த்து பென்ஷனில் இருக்கிறாரே, அவர்தான். எல்லாவற்றையும் கேட்டார். பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் அவர்கள் சட்டம் இன்னும் இங்கே நடப்பில் இருக்கிறது என்றார். விற்ற பொருளில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்தால், வாங்கியவர் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாமாம். விஸ் கஷே, மறைந்த குறை என்று அதற்குப் பெயர். "தெரிஞ்சே மறைச்சவனுக்கு அந்தப் பத்திரத்து வரி துணைக்கு வராது. ஆனா அவனுக்குத் தெரியும்னு நீ காட்டணும். காலம் கடத்தாத" என்று சொல்லி, மனுவை அவரே பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார்.

விசாரணை நாளில் அம்மாவாசை வருவாரா என்று எனக்குப் பயம். கடலுக்குப் போகிறவர், யாருக்காகவோ ஒரு நாள் பிழைப்பை விடுவாரா? கோர்ட் வாசலில் பார்த்தால் இரண்டு மாட்டுவண்டி நிறைய வீராம்பட்டினம் வந்து இறங்குகிறது, பெண்களும்கூட. பட்டுச் சட்டையில் வந்திருந்த நாராயணசாமி அவர்களைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

அந்த வண்டி தண்ணீரையே பார்த்ததில்லை என்று அவர் நீதிபதி ஆசனத்தில் இருந்த ழூஜ் முன்னால் சாதித்தார். இதே வண்டிதான் என்று எப்படிச் சொல்கிறாய் என்று ழூஜ் அம்மாவாசையைக் கேட்டார். "அடியில நாங்க கயிறு கட்டின எடம் வளைஞ்சிருக்கும், வந்து பாருங்க" என்றார் அவர். ழூஜ் எழுந்து முற்றத்துக்கே வந்துவிட்டார். நாங்கள் கட்டி இழுத்துவந்த வண்டி அங்கே நின்றது. குனிந்து பார்த்தார். வளைந்திருந்தது. பிறகு கதவின் உள்தகட்டைக் கழற்றச் சொன்னார். தம்பி திருகாணியைச் சுழற்றித் தகட்டை இழுத்ததும், அத்தான், கடல் மணல் பொலபொலவென்று கொட்டியது. கிளிஞ்சல்கூட இருந்தது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. நாராயணசாமி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும், முழுப் பணத்தையும் செலவோடு திருப்ப வேண்டும் என்று தீர்ப்பு. பணமும் வந்துவிட்டது. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அவரைப் பார்த்தேன். பேசவேண்டியதை மணல் பேசிவிட்டது.

உடனே வேறு கார் பார்த்தோம். இந்த முறை நான் சொன்னபடிதான் எல்லாம். தன் காரை விற்கப்போவதாகச் சொன்ன பள்ளிக்கூட வாத்தியார் ஷார்ல் வீட்டுக்குச் சொல்லாமல் போய் நின்றேன். முதலில் இன்ஜின் மூடியில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பச் சொன்னேன். உள்ளே விரிப்பைத் தூக்கி, அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தோம். தெருப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கோரிமேடு ஏற்றத்தில் ஓட்டச் சொன்னேன். திணறாமல் ஏறியது. பிரேக் இறுக்க வேண்டும், பின்கண்ணாடி ஒன்று மேலேறாது என்று வாத்தியார் தாமாகவே சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மனது வந்தது. வாங்கிவிட்டோம். நீல வண்டி. தினமும் சவாரி இருக்கிறது. இப்போது சாரத்தில் யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னை ஒரு பார்வை பார்க்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தம்பிக்குத்தான் பெருமை தாங்கவில்லை. அம்மாவாசை வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு வண்டி நம்முடையது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இனி ஒரு விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தீர்கள். உங்கள் காலைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஊருக்கு வருவதை யோசிக்க வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். நான் எதுவும் கேட்கப்போவதில்லை. எதற்காக இவ்வளவு அவசரமாக இன்னொரு காரைத் தேடினேன் என்று உங்களுக்கே புரியும்.

யோசிக்க ஒன்றுமில்லை, அத்தான். முன் இருக்கையைத் தம்பி பின்னுக்குத் தள்ளிப் பொருத்தியிருக்கிறான், நன்றாகக் கால் நீட்டலாம். கப்பலடியிலேயே வண்டி நிற்கும். வீட்டு வாசல்வரை நீங்கள் ஓரடிகூட நடக்க வேண்டியதில்லை. அம்மன் உங்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்ப்பாள். வந்துவிடுங்கள்.

உங்கள்
தனக்கொடி