அடிக்கிறவனுக்குச் சாமி வராது

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் ஒரே புகைமூட்டம். எதிர் வீடு தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான், அந்த ஆள் பல் விளக்காமல் வாசலில் நிற்பார்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று பாஸ்டர் வீட்டில் சுடச்சுட டீ தொடையில் கொட்டிவிட்டது. வாயில் வந்தது: "ஆத்தா, மாரியாத்தா!" ஞானஸ்நானம் வாங்கி இத்தனை வருஷம் ஆகிறது. பாஸ்டர் காதில் விழாத மாதிரி பிஸ்கட் தட்டை நகர்த்தினார். பாஸ்டரம்மா துணி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்ச் சிரித்தார்.

வேலை: கிறிஸ்மஸ் பாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது. எல்லாம் டெல்லியில் பிறந்ததுகள். இந்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு தமிழில் பாடுகிறதுகள். நானோ ஐந்தாவதோடு நின்றவன், எந்த எழுத்தும் மெதுவாகத்தான் ஓடும். அதனால் டோலக்கில் தட்டிக் காட்டுவேன், அதுகள் பிடித்துக்கொள்ளும். கீபோர்டு வாசிக்கிற ரூத், காலேஜ் பெண்: "அங்கிள், நீங்க ரொம்ப ஜல்தி போறீங்க." நான்: "நான் ஜல்தி போகல பாப்பா, நீதான் பஸ்ஸை விட்டுட்ட."

பெரிய செய்தி. செல்வி வருகிறாள்! என் பெண்டாட்டி. அவள் இன்னும் மாரியம்மன் கட்சி. சர்ச் வாசல் மிதித்ததில்லை. பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் வாசிக்கிற. கிறிஸ்மஸ் அன்னிக்கு வந்து கேக்கறேன். ஆனா நீ வாசிச்சாதான். பிரசங்கம் கேக்க வேற ஆளப் பாத்துக்க."

எனக்கு அது போதும்.

டிசம்பர் 16, செவ்வாய்

மயூர் விஹாரில் டோலக் கிளாஸ். மெட்ரோ வாசலில் டோலக்கை மெஷினுக்குள் விட்டு எடுத்தார்கள். உள்ளே என்ன என்று காவல்காரர்: "அந்தர் க்யா ஹை?" "ஹவா ஹை, சாப்." காற்றுதான் என்பதற்கு அத்தாட்சியாகத் தட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். பின்னால் வரிசை திட்டியது.

ஆபீசர் வீட்டுப் பெண்ணுக்கு வலது கையில் நெயில் பாலிஷ் காயவில்லை. இடது கையால் மட்டும் வாசித்தாள். நானும் பாதிதான் சொல்லிக்கொடுத்தேன்.

வாங்க மறந்தவை: டீத்தூள், டோலக் கயிறு, செல்விக்கு மூட்டுத் தைலம். ஆகமொத்தம் வாங்கப் போன மூன்றும்.

டிசம்பர் 20, சனி

நாசம்.

சாயங்காலம் எங்கள் காலனியில் கேரல் பாட்டு. எந்தச் சாமி வீடு என்று பார்ப்பதில்லை, எல்லா வீட்டுக்கும் போவோம். முறுக்கு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். குழாயடிச் சந்தில் பிள்ளைகள் நன்றாகப் பாடின. எனக்கு உற்சாகம். கையில் சூடு ஏறியது. எப்போது மாறியது, தெரியவில்லை. மேலே கர்த்தர் பிறந்த பாட்டு போகிறது, கீழே என் கை பழைய பம்பை அடியில் போகிறது. ஆடி மாசம் ஆனால் இதே சந்தில் மாரியம்மனுக்குப் பம்பை அடித்த கை அது.

பாக்கியக்கா, தண்ணீர் பிடிக்க நின்றவள், பக்கெட்டை விட்டாள். முடி அவிழ்ந்தது. ஆட்டம். ஒரே சத்தம்: "எவன்டா என்னைக் கூப்பிட்டது?"

யாரும் கையைத் தூக்கவில்லை. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவன் ஓடிவிட்டான். பாஸ்டர் பயந்துபோய் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "நாங்க கேரலுக்கு வந்தோம்மா."

பிறகு என் பக்கம் திரும்பி: "பிரதர், நிறுத்துங்க! உடனே நிறுத்துங்க!"

நிறுத்தவில்லை. நடுவில் சட்டென்று விட்டால் ஆடுகிறவர்கள் அப்படியே சாய்ந்துவிடுவார்கள். கீழே சிமெண்ட். பாக்கியக்காவுக்கு பிபி வேறு. கொஞ்சம் கொஞ்சமாக அடியைக் குறைத்து, அவளை இறக்கி, உட்காரவைத்த பிறகுதான் கையை எடுத்தேன். "தண்ணி நின்னுடப் போவுது" என்று எழுந்து பக்கெட்டைத் தேடினாள்.

பாஸ்டர் என்னைப் பார்க்காமல் நடந்தார்.

செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "உங்க சாமி பொறந்ததுக்கு எங்க ஆத்தா வாழ்த்து சொல்ல வந்துச்சு. இதுல இன்னா தப்பு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகிவிடும்.

"கிறிஸ்மஸுக்கு ரூத்தோட கீபோர்டுலயே தாளம் இருக்கு பிரதர். அதைப் போட்டுக்கிடலாம். நீங்க உக்காந்து பாடுங்க."

"தெரியாம கை போயிடுச்சு ஐயா."

"மொதல்ல தெரியாம போச்சு, சரி. நிறுத்தச் சொன்ன பொறவும் நிறுத்தலியே, ஏன்?"

பதில் இருந்தது. சொன்னால் சர்ச்சுக்குள் நின்று பம்பைப் பாடம் நடத்துகிற மாதிரி ஆகும். வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து திறந்தேன், சுவரைப் பார்த்து.

செல்வி: "அப்போ நான் எதுக்கு வரணும்? கேக்கு திங்கவா? கேக்கு தெருமுனையிலயே விக்கிறான்."

டிசம்பர் 22, திங்கள்

எரிச்சல். சோறு இறங்கவில்லை. ஒத்திகை பார்க்கப் போனேன். போயிருக்கக் கூடாது. மெஷின் டிக்கு டிக்கு என்று அதுபாட்டுக்கு ஓடுகிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் என் கையைப் பார்க்கிறதுகள். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ரூத்: "அங்கிள், யே தோ மர் கயா." பாட்டு செத்துப்போச்சாம். எனக்குத் தெரியாதா.

ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. பம்பை அடித்த காலத்தில் சுற்றி நிற்கிற எல்லோருக்கும் சாமி வரும். அடிக்கிறவனுக்கு வராது. வந்தால் அடிப்பது யார்? ஆடுவார்கள், அழுவார்கள், நான் அடுத்த அடியை நினைத்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஒரு கிறிஸ்மஸுக்கு வாசிக்க ஆள் வரவில்லை என்று இந்தச் சர்ச்சில் கூலிக்குக் கூப்பிட்டார்கள். போனேன். பாட்டின் நடுவில் என்னவோ ஆனது. அழுகை. தாளம் போய்விட்டது. யாரும் திட்டவில்லை. பாடின வரியையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

என் சாட்சி அவ்வளவுதான். மேடையில் சொல்லச் சொன்னால் டீ குடிக்கப் போய்விடுவேன்.

இப்போது அதே கை வேண்டாமாம். கர்த்தரே, உமக்குமா கீபோர்டு பிடித்துப்போய்விட்டது?

டிசம்பர் 24, புதன்

குளிர். குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. கேஸ் வரவில்லை. செல்வி என்னைப் பார்த்து, "மூஞ்சியப் பாரு, பேதி கண்ட மாதிரி" என்றாள்.

மத்தியானம் பாஸ்டர் வீட்டுக்கே வந்தார். இருக்கிற ஒரே நாற்காலியில் துவைத்த துணி. "இருங்க சாரு, துணிய எழுப்பிட்டு வரேன்" என்றாள் செல்வி.

பாக்கியக்காவை நலம் விசாரிக்கப் போயிருந்தாராம். "நீங்க சட்டுனு நிறுத்தியிருந்தா விழுந்து மண்டை ஒடஞ்சிருக்கும்னு அந்தம்மா சொல்லுதாங்க. எனக்கு அது தெரியாது பிரதர். நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல ஐயா."

"கேட்டேன்லா."

கேட்டார்தான்.

"நாளைக்கு வாசிங்க. ஆனா நிதானமா. நான் கையைத் தூக்கினா கொறச்சிரணும்."

உள்ளேயிருந்து செல்வி: "டிராபிக் போலீஸா?" பாஸ்டர் சிரித்தேவிட்டார்.

டிசம்பர் 25, வியாழன்

செல்வி வந்தாள். பட்டுப் புடவை, பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. துணைக்குப் பாக்கியக்கா! பெண்கள் பக்கம் முதல் வரிசை. பாஸ்டர் முகத்தில் ரத்தமே இல்லை.

முதல் பாட்டு. தலையில் தண்ணீர்க் குடத்தோடு படியிறங்குகிறவன் மாதிரி வாசித்தேன். இரண்டாவதும் அப்படித்தான். பாக்கியக்கா தூங்கிவிட்டாள். செல்வி கொட்டாவி விட்டாள், கையால்கூட மறைக்காமல். இத்தனை வருஷம் கழித்து வந்தவளுக்கு நான் காட்டினது இதுதானா. டோலக்கை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

கடைசிப் பாட்டுக்கு முன் அமைதி. அதில் செல்வியின் குரல், சபை முழுக்கக் கேட்கும்படி: "யோவ், கையில இன்னா, ஜுரமா?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் பாஸ்டரைப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கவில்லை. பைபிளை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வாசித்தேன். பிள்ளைகள் கூரை பிய்கிற மாதிரி பாடின. செல்வி முதலில் மடியில் விரலால் தட்டினாள், பிறகு உள்ளங்கையால், பிறகு இரண்டு கையாலும். பாக்கியக்கா விழித்து, கைதட்டி, ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருந்தாள். பாஸ்டரின் கால் பலமாகத் தாளம் போட்டது. பக்கத்துப் பலகையில் கிறிஸ்மஸ் குடில். பலகை அதிர்ந்து ஒட்டகம் ஒன்று கீழே விழுந்து தலை தனியாகப் போனது. ஆராதனை முடிந்து நானும் பாஸ்டரும் பசை போட்டு ஒட்டினோம். காய்ந்த பிறகு பார்த்தால் முகம் வால் பக்கம் இருக்கிறது.