சின்னதின் வால்

செவ்வாய், அறந்தாங்கி

வீட்டுக்காரர் துபாய்க்குப் போகும்போது என் பொறுப்பில் விட்ட உப்புத்தண்ணீர் தொட்டியில், கோமாளி மீன் ஜோடியில் சின்னதின் வால் கிழிந்திருந்தது. அழுகல் நோய் என்று பயந்து, மருந்து பாட்டிலும் கையுமாக அவரை வீடியோவில் கூப்பிட்டேன்.

"மருந்த ஊத்தாத புள்ள. வாலோரம் வெள்ளையா இருக்கா?"

"இல்லைங்க. துணி கிழிஞ்ச மாதிரி இருக்கு."

"அப்ப நோயில்ல, கடி. பெருசோட வேலை. இந்த மீன்ல பெருசுதான் பொம்பள" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவை மறுபடி தள்ளிப்போட்டதற்காகக் காலையில்தான் அவர்மேல் எரிந்து விழுந்திருந்தேன்.

தண்ணீரைக் கொஞ்சம் மாற்றிவிட்டு, சின்னதைத் தனியாக வைக்கச் சொன்னார். தண்ணீர் சுத்தமாக இருந்தால் வால் தானே வளர்ந்துவிடுமாம். காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையைத் தொட்டிக்குள் கட்டி, அதில் விட்டேன்.

கடிபட்ட பயத்தில் மூலையில் ஒதுங்கும் என்றுதான் நினைத்தேன். அதுவோ கூடை ஓட்டையில் வாயை வைத்துக்கொண்டு, வெளியே நிற்கும் பெருசையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பெருசும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இதைச் சொன்னால், "நானும் இங்க அப்படித்தான் இருக்கேன்" என்பார். தெரிந்தேதான் இப்போது கூப்பிடப் போகிறேன்.