கோடு போட்ட வரி

டான்டன்,
9 நவம்பர் 1795

என் அன்புள்ள ஆம்ப்ரோஸுக்கு,

நானும் குழந்தை லெட்டியும் நலம். உங்கள் அக்கா வீட்டில் நீங்களும் பத்திரமாக ஒளிந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் படித்துவிடுவார்கள். அதனால் கம்பளி மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் ஜாபெஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

லண்டன் அச்சகத்தில் பிடிபட்ட உங்கள் கவிதைக் கட்டு இங்கேயே வந்துவிட்டது. நேற்றுக் காலை மாஜிஸ்திரேட் அதைக் கொண்டுவந்து நம் மேசைமேல் போட்டார். அடுப்பில் பார்லிக் கஞ்சி தீய்ந்தது. ‘ரொட்டியை ராஜா நிறுக்கட்டும், ராஜாவை நாங்கள் நிறுப்போம்’ என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. “இந்த ஒரு வரி போதும்மா, உன் புருஷனத் தூக்குல போட” என்றார்.

அச்சுக்குப் போகும் பிரதியை எப்போதும் நான்தானே எழுதிக் கொடுப்பேன்? அந்தக் கையெழுத்தைக் காட்டி, கவிதை எல்லாமே என்னுடையது என்று சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். “துணி தொவைக்கிற கை பாட்டு எழுதுமா? எங்க, பாக்காம சொல்லு பாப்போம்” என்றார். சொன்னேன். ஏழாவது பாட்டில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

வியாழக்கிழமை என்னைச் சிறைக்குக் கூட்டிப்போக வருகிறார்கள். பக்கத்து வீட்டு கிட்லி அம்மாள், “உனக்கென்னடி கிறுக்கா? புள்ளைய யாரு பாப்பா?” என்று அழுதாள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆம்ப்ரோஸ். தெருவில் குதிரைச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கதவைத் தாழிடுகிறேன். லெட்டியையும் இதே வண்டியில் அனுப்புகிறேன். பாலை நன்றாக ஆற்றிக் கொடுங்கள், சூடாக இருந்தால் தொடமாட்டாள்.

கவிதை என்னுடையது என்று உண்மையைச் சொல்ல நீங்கள் ஓடி வருவீர்கள். வராதீர்கள். அந்தக் கோடு போட்ட வரியை நீங்கள் எழுதவில்லை. அந்த இடத்தில் உங்கள் வரி நொண்டியது. பிரதி எடுக்கும்போது நான் மாற்றினேன். நீங்கள் படித்துக் காட்டிய அன்று நண்பர்கள் மேசையைத் தட்டினார்களே, அது அந்த வரிக்குத்தான். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

கர்த்தர் உங்களையும் குழந்தையையும் காப்பாற்றட்டும். மற்றதெல்லாம் உங்களுடையதுதான். அந்த ஒரு வரியை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள்
டாபிதா